தாடி: எங்கள் பினாங்குக் கடை நாற்காலியில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பா காலத்திலிருந்து பினாங்கில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறோம். மூன்று நாற்காலி, இரண்டு மின்விசிறி, ஒரு முருகன் படம். கழுத்தில் துணி கட்டியதும் ஆளுக்கு ஒரு கேள்வி வந்துவிடும், அதில் பாதி தாடியைப் பற்றித்தான். தொண்டையில் கத்தி ஓடும்போது அவரும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது. "எழுதிப் போட்டுடுங்கப்பா, காத்திருக்கிறவங்க படிச்சுக்கட்டும்" என்றாள் மகள். எழுதிவிட்டேன்.

ஆட்டுக்குத் தாடி எதற்கு?

"ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு" என்று அண்ணா கேட்டதை அப்பா வயது ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். கவர்னர் விஷயத்துக்குள் நான் போகவில்லை, பினாங்கிலும் ஒருவர் இருக்கிறார். ஆட்டு விஷயத்தில் மட்டும் அண்ணாவுக்குப் பதில் உண்டு. பருவம் வந்த கிடா தன் மூத்திரத்தைத் தானே தாடியிலும் முகத்திலும் முன்னங்காலிலும் பீய்ச்சிக்கொள்ளும். அந்த வாடையைத் தாடி பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு மூக்கைப் பொத்தும் நாற்றம், பெட்டைக்கு அதுதான் அழைப்பு. பல இனங்களில் பெட்டைக்கும் தாடி உண்டு, ஆனால் அது இந்தக் கூத்து ஆடுவதில்லை.

இதைச் சொன்ன அன்று, சந்தன வாசத் தாடி எண்ணெய் வாங்க வந்த தம்பி ஒருவர் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

அப்படியென்றால் மனிதனுக்குத் தாடி எதற்கு?

ஆட்டுக்குச் சொன்ன மாதிரி அடித்துச் சொல்ல முடியாது. பெண்ணைக் கவர என்றார் டார்வின். 2020ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் எலும்பு போன்ற ஒரு பொருளின் மேல் செம்மறி ஆட்டுத்தோலைப் போர்த்தி, பாரத்தைப் போட்டு அடித்துப் பார்த்தார்கள். ரோமம் இருந்தது, இல்லாததைவிட அடியை நன்றாகத் தாங்கியது. ஆகவே தாடி முகத்தில் விழும் குத்துக்கு மெத்தையாக இருக்கலாம் என்றார்கள். சிரிக்க வைத்து யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2021ல் அவர்களுக்குக் கிடைத்தது, அதுவும் அமைதிக்கான பரிசு.

என் நாற்காலியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. மனிதனின் தாடி வேலை செய்வதைவிட அதிகமாகப் பேசுகிறது. துக்கம், விரதம், காதல் தோல்வி, வேலை கிடைக்காத வெறுப்பு, வெறும் சோம்பல் எல்லாவற்றையும் வாய் திறக்காமல் சொல்லிவிடும். ஆள் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்ப்பது இது எந்தத் தாடி என்பதைத்தான். தப்பாக நினைத்து "என்ன தம்பி, லவ் ஃபெய்லியரா?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் தகப்பனாரை அடக்கம் பண்ணி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதிலிருந்து நானாக ஆரம்பிப்பதில்லை.

துக்கத்துக்கு ஏன் மழிக்கக்கூடாது? எத்தனை நாள்?

குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இங்கே பெரும்பாலும் 16ஆம் நாள் கருமாதி வரை மகன்கள் கத்தி வைக்கமாட்டார்கள். அழகு பார்க்கும் மனநிலை இல்லை என்று ஊருக்குக் காட்டுவது அது. கடைத்தெருவில் பார்த்த மாத்திரத்தில் "என்னப்பா, வீட்டில் யாரு?" என்று கேட்டுவிடுவார்கள். நாம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

அப்பா இறந்தபோது எனக்கும் 16 நாள் தாடி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முகத்தில் கத்தி வைத்தவன், அன்றைக்கு மட்டும் உட்காரும் ஆள். அப்பாவோடு பழைய காலத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தார். அப்பாவின் பழைய கத்தியைக் கேட்டு வாங்கி, நாற்காலியில் தொங்கும் தோல்வாரில் எட்டுப் பத்து தடவை தீட்டினார். கை நடுங்கியது. தாடையில் வைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு கீறல் இல்லை. படிகாரத்தை நனைத்து ஒற்றிவிட்டு, "உங்க அப்பனுக்கும் இதே மாதிரி வலது பக்கம் சுழிடா" என்றார். அது எனக்கு அதுவரை தெரியாது.

மனைவி மாசமாக இருக்கிறாள். மழிக்கலாமா?

கணவன் முடி வெட்டக்கூடாது, மழிக்கக்கூடாது என்ற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் மாமியார் வீட்டில் இருக்கும்வரை நான் கருத்துச் சொல்வதாக இல்லை. ஓரங்களை மட்டும் ஒழுங்கு பண்ணச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். "இது வெட்டினதா கணக்கில்லையே அண்ணே?" என்பார்கள். கணக்கில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

மாலை போட்டிருப்பவர்கள், தைப்பூச விரதக்காரர்கள்?

ஐயப்ப சாமிகள் கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் கத்தி வைப்பதில்லை. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு மேலாளரிடம் விளக்குவதுதான் பெரிய விரதம். தைப்பூசத்துக்கு வேண்டுதல் உள்ளவர்கள் 48 நாள் வரைகூட வளர்த்து, தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போடும்போது தாடியையும் சேர்த்து இறக்குவார்கள்.

தைப்பூசத்தின் மூன்று நாளும் நானும் கத்தியோடு மலையடிவாரத்தில்தான். ஒருமுறை லோரி ஓட்டும் ஒருவருக்கு மழித்தேன். நெற்றியும் மூக்கும் வெயிலில் கறுத்திருந்தன. தாடி போன இடம் மட்டும் வெளுப்பாக, வேறு யாரோ ஒருவரின் தாடையைக் கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருந்தது. தலையில் சந்தனம் பூசி எழுந்து, பாட்டி இடுப்பிலிருந்த இரண்டு வயது மகளை நோக்கிக் கையை நீட்டினார். பிள்ளை வீறிட்டுப் பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. குரலைக் கேட்ட பிறகுதான் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. பிறகு விரலால் அந்த வெளுத்த தாடையைக் குத்திப் பார்த்தது.

மழிக்க மழிக்க அடர்த்தியாக வளருமா?

வளராது. தானாக வளர்ந்த முடியின் நுனி ஊசி போல் மெலிந்திருக்கும். கத்தி அதைத் தடித்த இடத்தில் வெட்டுகிறது. வெட்டிய கரும்பின் அடிக்கட்டை மாதிரி, முளைத்து வரும்போது தடிப்பாகவும் சொரசொரப்பாகவும் தெரியும். வேர் தோலுக்குள் இருக்கிறது, என் கத்தி அங்கே போவதே இல்லை. தாடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அல்லது கொஞ்சம் கூட வளரும். வாரம் ஒருமுறை சிரைத்தாலும் அதே வேகம்தான். (இதைச் சொல்வதால் என் பிழைப்பு கெடும் என்கிறாள் மனைவி.)

கன்னத்தில் தாடி சேரவில்லை. மினாக்சிடில் தடவலாமா?

இருபது வயதுப் பையன்களின் கேள்வி. தம்பி, முதலில் பொறுங்கள். பலருக்கு இருபத்தைந்து வயதுக்குப் பிறகும் தாடி நிரம்பிக்கொண்டே போகும். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். தாடிக்கென்று செய்ததல்ல, டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இன்னொன்று, வீட்டில் பூனை இருந்தால் ரொம்பக் கவனம். இந்த மருந்து பூனைக்கு விஷம். தடவிய கன்னத்தைப் பூனை நக்கினாலே ஆபத்து.

தாடியில் காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டிவிட்டது. வெங்காயம் தேய்க்கட்டுமா?

புழுவெட்டு என்போம். பெயர்தான் அப்படி, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை. உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் முடிவேரைத் தாக்குவதால் வருவது. பலருக்குத் தானாகவே திரும்ப முளைக்கும், முதலில் வெள்ளையாகக்கூட வரும். சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தோல் டாக்டரிடம் போங்கள். ஒட்டுவாரொட்டி அல்ல, பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார வேண்டியதில்லை.

மழித்த இடத்தில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் வருகிறதே?

நம்மவர்களில் சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது அதிகம். வெட்டிய முடி வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, முடி படுத்திருக்கும் திசையிலேயே மழிக்க வேண்டும். எதிர்த்திசையில் வழுவழுவென்று எடுக்கச் சொல்லாதீர்கள். சீழ் கட்டியிருந்தால் கத்தியே வேண்டாம், ட்ரிம்மர் போதும். சீழோடு வந்து, கிருதாவைக் கத்தி முனை மாதிரி வரைந்துவிடச் சொன்னார் ஒருவர். தாடி பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்ட கதைதான்.

பிளேடு ஆளுக்கு ஒன்று, உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்துப் போடுவேன். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி என்ற இரண்டும் இரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை. எந்தக் கடையிலும் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மீசை மலாய்ச் சொல்லா தமிழா?

தமிழ். மலாய்க்காரர்கள் 'மிசாய்' என்பது நம்முடைய மீசைதான். சிறுநீர்க் கோளாறுக்குக் காய்ச்சிக் குடிக்கும் 'மிசாய் கூச்சிங்' செடியும் பூனைமீசைதான், பூவின் நீண்ட இழைகளைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். என் கடைப் பலகையில் முடிவெட்டும் கடை என்பதற்கு மலாயில் 'கெடாய் குந்திங் ரம்புட்' என்று இருக்கிறதே, அந்தக் கெடாயும் நம் கடை. ரம்புட் என்றால் முடி, அதிலிருந்துதான் ரம்புத்தான் பழம். தாடிக்கு மட்டும் அவர்கள் நம்மிடம் கடன் வாங்கவில்லை, 'ஜங்குட்' அவர்களுடைய சொல். மீசையைக் கொடுத்துவிட்டுத் தாடியை நாமே வைத்துக்கொண்டோம்.

சாமிக்கு ஏன் தாடி இல்லை?

சிவன், பெருமாள், முருகன் எல்லாருக்கும் நம் கோயில்களில் பெரும்பாலும் மழுமழு முகம். மூப்பு இல்லாதவர்கள், என்றும் இளமை. தோட்டத்து முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் முறுக்கிய மீசை உண்டு, காவல்காரர்கள் அல்லவா. தாடி முனிவர்களுக்கு. அகத்தியர் குள்ள உருவமும் தொப்பையும் தாடியுமாகக் கடல் தாண்டி ஜாவா வரைக்கும் போயிருக்கிறார், பிரம்பானான் சிவன் கோயிலில் இன்றைக்கும் நிற்கிறார். சாமியே இல்லை என்ற பெரியாருக்குத்தான் 'வெண்தாடி வேந்தர்' என்று பட்டம்.

வள்ளுவர் "மழித்தலும் நீட்டலும் வேண்டா" என்றாரே, அவர் மட்டும் தாடி வைத்திருக்கிறாரே?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்னை மடக்கக் கேட்பது. 280ஆம் குறள், கூடா ஒழுக்கம் அதிகாரம். "உலகம் பழித்தது ஒழித்து விடின்" என்று முடியும். பரிமேலழகர் உரைப்படி அது தலையை மொட்டையடிப்பதையும் சடை வளர்ப்பதையும் பற்றியது, துறவி வேடம் போடுகிறவர்களுக்குச் சொன்னது. வள்ளுவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. நாம் வகுப்பறையில் பார்த்து வளர்ந்த படம் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. அறிவு என்றால் தாடி என்று நம் கண் பழகியிருப்பதால் அந்த முகம் ஒட்டிக்கொண்டது. கன்னியாகுமரியில் 133 அடிச் சிலைக்கும் தாடி உண்டு. தாடி இல்லாத வள்ளுவரை வரைந்து மாட்டிப் பாருங்கள், பிள்ளைகள் யார் இவர் என்று கேட்கும்.

சீனர் கூத்தில் வாயை மூடுகிற மாதிரி தாடி வைக்கிறார்களே, எப்படிப் பாடுகிறார்கள்?

ஏழாம் மாதம், பேய்களுக்குப் படையல் போடும் நாட்களில் சாலையோர மேடைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஒட்டுத் தாடி அல்ல. கம்பியில் முடியைத் திரையாகக் கட்டி இரண்டு காதிலும் மாட்டுவது. பாடகரின் மூச்சில் திரை அசையும், குரல் தடையின்றி வரும். கறுப்பு, நரை, வெள்ளை என்று நிறத்திலேயே வயது தெரிந்துவிடும். கோபம் வந்தால் தாடியை இரு கையாலும் எடுத்து வீசுவார்கள், யோசனை என்றால் ஒரு கையால் தடவி இறக்குவார்கள். வீரர் குவான் யூவுக்கு 'அழகுத் தாடிக்காரர்' என்றே பெயர். மேடைக்குப் பின்னால் வரிசையாக ஆணியில் தொங்கும் தாடிகளை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். சிக்கு இல்லை, ஒரு நுனி பிளவில்லை. நம் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டும்.

சீக்கியர்களை ஏன் வங்காளி என்கிறோம்?

பஞ்சாபிலிருந்து கல்கத்தாத் துறைமுகம் வழியாகக் கப்பலேறி வந்ததால் மலாயில் 'பெங்காலி' ஆனார்கள் என்பார்கள், நாமும் பிடித்துக்கொண்டோம். அவர்களுக்கே அது பிடிப்பதில்லை, விட்டுவிடலாம். வெட்டாத முடி அவர்களின் ஐந்து சின்னங்களில் ஒன்று, 1699லிருந்து. எதிர்க் கடை மெக்கானிக் சீக்கியர், நாற்பது வருட நண்பர். என் கடையில் தேநீர் மட்டும்தான் குடிப்பார்.

மீனுக்குத் தாடி உண்டா?

உண்டு, அது சும்மா தொங்குவதில்லை. கெளுத்திக்கு மீசை என்போம். இங்கே கெலி என்று விற்பதற்கு நான்கு ஜோடி, ஆக எட்டு. ஒவ்வொன்றிலும் ருசி அறியும் மொட்டுகள். கலங்கிய சேற்றுத் தண்ணீரில் கண் எதற்கு, மீசையால் தடவியே சாப்பாடு எது, கல் எது என்று தெரிந்துகொள்ளும். நவரைக்கு மோவாயில் இரண்டே இழை. மணலைக் கிளறிப் புழு தேடும், வேலை முடிந்ததும் தாடைக்கடியில் உள்ள பள்ளத்தில் மடித்து வைத்துவிடும். சந்தையில் 'பிஜி நங்கா' என்று கேளுங்கள், பலாக்கொட்டை என்று பொருள். தாடையைத் திருப்பி விரலால் இழுத்துப் பார்த்தால் இரண்டு இழையும் வெளியே வரும்.

குப்பாங் சிப்பி வாங்கினால் அதிலும் தாடி. பச்சை ஓட்டுக்கிடையில் பழுப்பாக, சணல் நார் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பாறையில் ஒட்டிக்கொள்ளச் சிப்பியே சுரக்கும் நூல் அது. அலை அடிக்கிற ஈரப் பாறையில் சாதாரணப் பசை நிற்காது, இந்த நூலின் நுனியிலுள்ள புரதம் நிற்கிறது. உடம்புக்குள் புண்ணை ஒட்டும் பசை செய்ய அதைப் பார்த்துத்தான் முயற்சி செய்கிறார்கள். என் வீட்டில் அந்தப் பாத்திரம் அடுப்பு மேடைக்கு வந்தாலே மனைவி கூப்பிடுவாள்: "ஏங்க, உங்க தொழில்தானே, வந்து சிரைச்சுக் குடுங்க." சிரைக்கக்கூடாது, இழுக்க வேண்டும். துணியால் இறுக்கிப் பிடித்து ஓட்டின் மூட்டுப் பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் வேரோடு வரும். எதிர்ப்பக்கம் இழுத்தால் சதை கிழிந்துவிடும். சமைப்பதற்குச் சற்று முன்னால்தான் செய்ய வேண்டும், தாடியைப் பிடுங்கியபின் குப்பாங் அதிக நேரம் உயிரோடு இருக்காது.

மரம், பறவை?

ஆலமர விழுதைச் சின்ன வயதில் தாடி என்றுதான் சொல்வோம். செடிக்கடையில் தொங்கும் சாம்பல் நிறத் தாடிப்பாசி உண்மையில் பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பம். மண் வேண்டாம், காற்றிலிருக்கும் ஈரத்தை இலையே உறிஞ்சிக்கொள்ளும். சோளக் கதிரின் தாடியில் ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்குப் போகிறது. எந்த இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்த இடம் ஓட்டைப் பல். நம் தெருமரங்களில் டுக் டுக் என்று பாத்திரம் தட்டும் குக்குறுவானுக்கு அலகைச் சுற்றி முறுக்கு முடி. அதன் ஆங்கிலப் பெயர் பார்பெட், என் தொழிலின் பெயர் பார்பர், இரண்டும் தாடி என்று பொருள்படும் 'பார்பா' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அது காலை ஆறரைக்கே கடை திறந்துவிடுகிறது.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் டிராகன் தாடி மிட்டாய்?

நம் சோன் பப்டிக்குச் சீனத்துச் சித்தப்பா மகன். கெட்டிச் சர்க்கரை வளையத்தை மாவில் புரட்டி இழுத்து, 8 என்ற எண் வடிவில் முறுக்கி மடித்து, திரும்ப இழுப்பார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிப்பு: 14 தடவை என்றால் 16,384. உள்ளே வேர்க்கடலை, எள். வாங்கிய உடனே தின்றுவிடுங்கள். பினாங்குக் காற்றின் ஈரத்துக்குப் பத்து நிமிடத்தில் தாடி கட்டிப்போய்விடும்.

பெண்களுக்குத் தாடையில் முடி வந்தால்?

போனில் மெல்லக் கேட்பார்கள். அக்கா, தங்கச்சி, இது வெட்கப்பட வேண்டியதல்ல. திடீரென்று அதிகமாக முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் சினைப்பையில் நீர்க்கட்டிச் சிக்கல் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். எடுக்க வேண்டுமென்றால் நூல் வைத்து எடுக்கும் அழகுக்கடைகள் லிட்டில் இந்தியாவில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. "அத்தைக்கு மீசை முளைத்தால்" என்று பழமொழி சொல்லும் ஆண்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

உலகிலேயே நீளமான தாடி?

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் 1927ல் இறந்த ஹான்ஸ் லாங்செத்துடையது, 5.33 மீட்டர். என் கடையின் அகலத்தைவிட அதிகம்.

தாடிக்கு வரி போட்டார்களாமே?

ரஷ்யாவில் மகா பீட்டர் போட்டார். கட்டியவர்களுக்கு மூக்கும் மீசையும் தாடியும் பொறித்த செப்பு வில்லை கொடுத்தார்கள், 'பணம் பெறப்பட்டது' என்று எழுதி. அரசாங்கத்தில் யாருக்கும் இதை நினைவுபடுத்த வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கடை உண்டா?

உண்டு. செவ்வாய், வெள்ளியில் நம்மவர்கள் வரமாட்டார்கள், நகம்கூட வெட்டாத வீடுகள் இருக்கின்றன. அன்றைக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். அவசரத்துக்கு வரும் நம்மவர்கள் கதவைத் திறக்குமுன் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நுழைவார்கள். வாருங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பின்பக்கச் சந்தில் இன்னொரு கதவும் இருக்கிறது.